சம்பந்திக்குப் பதினொரு புத்தகம்

ஜன்னலை மட்டும் சாத்திராதம்மா. பர்லியார் தாண்டுற வரைக்கும் எனக்குக் காத்து வேணும், இந்த வளைவுல எல்லாம் தல சுத்தும். நீ குன்னூருக்குத்தான? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். சாயங்கால பஸ்ஸுல திரும்பிருவேன். ஆமா, இன்னைக்கே. நேத்து விருதுநகர்ல கிளம்பி, கோயம்புத்தூர்ல தங்கச்சி வீட்டுல படுத்து எந்திரிச்சு வாரேன். மேல போயி ஒரு புத்தகத்தைக் குடுக்கணும், ஒரு வாய் காப்பி குடிக்கணும், இறங்கிரணும். அம்புட்டுத்தான். ஒரே ஒரு புத்தகம். இந்தா, மடியில வச்சிருக்கேன் பாரு. அட்டையில வட்டமா இருக்கே, அது படம் இல்லம்மா. எலுமிச்சங்கா ஊறுகா ஜாடி வச்ச தடம்.

சிரிக்காத. நீயே இப்படிச் சிரிச்சா அவங்க என்ன பண்ணுவாங்களோ.

அவங்கன்னா எங்க சம்பந்தியம்மா. தங்கபுஷ்பம்னு பேரு. நான் மதினின்னு கூப்பிடுவேன், அவங்களும் என்னை மதினின்னுதான் கூப்பிடுவாங்க. என் மக அனுசுயாவை அவங்க மகனுக்குத்தான் குடுத்திருக்கு. ரெண்டரை வருசமாச்சு. குன்னூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல பேக்கரி வச்சிருக்காங்க, வர்க்கி பிஸ்கட்டு போடுறாங்க. நல்ல மனுசங்க. ஒரு குறை சொல்ல முடியாது. குறை சொல்ல முடியாத சம்பந்தி கிடைச்சா அது ஒரு கஷ்டம்மா, உனக்கு இப்பத் தெரியாது. பேசுறதுக்கு ஒண்ணும் இருக்காது. நான் எங்க நாத்தனார்கிட்ட ஒரு மணி நேரம் பேசுவேன். இவங்ககிட்ட ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிரும்.

ஒரே ஒரு பழக்கம் உண்டு. பின்னுவாங்க. உல்லன் நூலை வச்சுக்கிட்டு ரெண்டு ஊசியில டிக்கு டிக்குன்னு பின்னிக்கிட்டே இருப்பாங்க. கல்யாணத்தன்னைக்கே பாத்தேன். தாலி கட்டப் பத்து நிமிசம் இருக்கு. மாப்பிள்ளையோட அம்மா, பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, மஞ்சப் பைக்குள்ள கையை விட்டு ஊசியை எடுத்துட்டாங்க. எங்க நாத்தனா என் விலாவுல இடிக்கிறா, "இந்தம்மா மேளம் அடிக்கிறதுக்குள்ள ஒரு குல்லாவை முடிச்சிரும் போலயே"ன்னு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. கண்ணுல தண்ணி வந்திருச்சு. பொண்ணைப் பெத்தவ அழுவுறான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.

முதப் பொங்கலுக்கு நாங்க முறைப்படி பொங்கப்படிச் சீரைக் கொண்டுபோய்க் குடுத்தோம். பதிலுக்கு ஒரு பார்சல் வருது. பிரிச்சா சுவெட்டர். காப்பிக்கொட்டை கலரு, முழுக்கை வச்சது. விருதுநகருக்கும்மா! தை மாசத்துலயே எங்க வீட்டு ஃபேன் நாலுல ஓடும். சரி, ஆசையா அனுப்பியிருக்காங்களேன்னு நைட்டி மேல போட்டுப் பாத்தேன். தொளதொளன்னு தொங்குது. எங்க வீட்டுக்காரரு பேப்பர்லருந்து தலையைத் தூக்கி, "உள்ள இன்னும் ஒரு ஆள் ஏறலாம், டிக்கெட் போடட்டுமா"ன்னு கேக்குறாரு. மடிச்சு பீரோவுல வச்சதுதான்.

ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு மதினி போன் பண்ணுவாங்க. கடையில கூட்டம் குறையிற நேரம். "சௌக்கியமா மதினி?" "சௌக்கியம் மதினி." அப்புறம் ஒரு கேள்வி, வாரம் தவறாம. "ஒரு வாரம் இங்க வந்து இருந்துட்டுப் போங்களேன்?" நான் என்ன சொல்றது? பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்கலாம், படுக்கக் கூடாது. எங்க பக்கத்துல அப்படித்தான். எங்க அம்மா என் வீட்டுக்கு வந்தா கடைசி பஸ்ஸைப் பிடிச்சுப் போயிரும், வாசல்ல மழை கொட்டுனாலும் சரி. ஆனா அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? அவங்க மனசு சங்கடப்படும். அதனால குளிரு ஒத்துக்காது மதினின்னு சொல்லிருவேன். குளிரு மேல பழியைப் போட்டா குளிரு வந்து சண்டைக்கா நிக்கப் போகுது? ஒரு வாரம் பாதம் விறைச்சுப் போகும்னு சொல்லுவேன். ஒரு வாரம் காது அடைச்சுக்கும்னு சொல்லுவேன். ஒரு தடவை கழுத்து வலின்னு சொன்னேன். ஒண்ணையே சொன்னா பொய்யின்னு தெரிஞ்சிரும் பாரு, அதுக்காக மாத்தி மாத்திச் சொல்லுவேன். இந்த விசயத்துல நான் கெட்டிக்காரிதான்.

அவங்களும் "ஓ, அப்படியா மதினி"ன்னு வச்சிருவாங்க. வெள்ளந்தி.

ஆனா பார்சல் மட்டும் நிக்கல. மாசம் ஒண்ணு வருது. காலுக்கு உறை, சிவப்புல. காதை மூடுற குல்லா ஒண்ணு, அதுக்கு மேல பந்து மாதிரி ஒரு குஞ்சம் வேற. கழுத்துல சுத்துற மஃப்ளர். அதை எங்க வீட்டுக்காரரு மார்கழி மாசம் காலையில நடக்கப் போறப்ப சுத்திக்கிட்டுப் போனாரு. தெருவுல நாலு பேரு வீட்டுக்கு வந்து, "அண்ணனுக்கு எப்ப இருந்து காய்ச்சல்"னு விசாரிச்சுட்டுப் போனாங்க. அதோட அதுவும் பீரோவுக்குள்ள போயிருச்சு. பீரோ கதவு மூட மாட்டேங்குது. இந்தப் பொம்பளைக்கு எப்படித்தான் தோணுமோ, ஒண்ணு மாத்தி ஒண்ணு!

வாங்கிக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கும்? திருப்பி ஏதாச்சும் செய்யணுமில்ல? அனுசுயாகிட்டக் கேட்டேன். "அத்தைக்குச் சேலையெல்லாம் வேணாம்மா, நிறைய இருக்கு. பின்னிக்கிட்டே எதையாச்சும் படிப்பாங்க. ஒரு மாசப் புத்தகத்துக்குச் சந்தா கட்டிவிடேன்"னா. நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கணக்கும் இருந்துச்சு, மறைப்பானேன். படிக்க ஆரம்பிச்சா பின்றது குறையுமில்ல? பீரோவும் பொழைக்கும்.

எங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு புத்தகக் கடை இருக்கு. கடைக்காரர் நல்லா விவரமானவரு. "சம்பந்திக்கா? அப்ப பாத்துத்தான் எடுக்கணும்"னு அவரே சொல்லிட்டாரு. முதல்ல சமையல் புத்தகத்தை எடுத்துப் போட்டாரு. ஐயோ, வேணாம். சமையல் புத்தகம் அனுப்புனா உன் குழம்பு நல்லா இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும். நல்லா இல்லதான். சாம்பாருல சீனி போடுவாங்க. ஆனா அதை மாசாமாசம் தபால்ல சொல்லலாமா? அடுத்தது உடம்பு நலம், மூட்டு வலி, சர்க்கரைன்னு போட்டிருந்துச்சு. வயசாயிருச்சுன்னு நான் குத்திக் காட்டுற மாதிரி இருக்கும். பக்திப் புத்தகம் குடுத்தா, இனிமே கோயில் குளம்னு கிடங்கன்னு அர்த்தம். ஜோசியப் புத்தகம் குடுத்தா, என் மக போன நேரம் அந்த வீட்டுக்குச் சரியில்லன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. அழகுக் குறிப்புன்னு ஒண்ணு எடுத்தாரு. நான் அவரை ஒரு பார்வை பாத்தேன், அவரே திருப்பி வச்சுட்டாரு. நீ யோசிச்சுப் பாரேன். சம்பந்தி வீட்டுக்குன்னு நினைச்சுக்கிட்டுப் பாத்தா உலகத்துல எந்தப் புத்தகமும் உருப்படியா இல்ல.

கடைசியில அடியிலருந்து ஒண்ணை உருவுனாரு. "ஊசியும் நூலும்"னு பேரு. முக்காவாசி கைவேலைதான். தையல், பூ வேலை, நடுவுல பத்துப் பக்கம் உல்லன், கடைசியில ஒரு கதை, கேள்வி பதில். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. எந்த வியாதிக்கு மருந்து தேடி வந்தேனோ, அந்த வியாதியையே வளக்குறதுக்கு ஒரு புத்தகம்! ஆனா யாரையும் குத்தாத புத்தகம் அது ஒண்ணுதான். அவங்களுக்குப் பிடிச்சதைத்தான குடுக்கணும், அதுதான மரியாதைன்னு மனசைத் தேத்திக்கிட்டு, வீட்டுக்கு வந்து அந்த ஆபீசுக்குப் போன் பண்ணேன்.

இங்கதாம்மா நான் ஒரு காரியம் பண்ணேன். பண்ணும்போது தப்புன்னு தெரியல. இப்பவும் முழுசாத் தப்புன்னு நான் ஒத்துக்கல.

போன் எடுத்த பையன், "வருசச் சந்தான்னா பன்னெண்டு புத்தகம்மா"ங்கிறான். பன்னெண்டா! சம்பந்தி வீட்டுக்குப் போற சீரு ரெட்டைப்படையில போலாமா? கல்யாணத்துக்கு நாங்க இருபத்தொரு தட்டு வச்சோம். பொங்கப்படிக்குப் பதினொரு தட்டு. பன்னெண்டு தட்டு யாராச்சும் வச்சுப் பாத்திருக்கியா? நான் சொன்னேன், "தம்பி, ஒண்ணு சேத்துப் பதிமூணாக் குடுப்பா." "அப்படி இல்லம்மா, அடுத்து ரெண்டு வருசம்தான், இருபத்திநாலு." "அதுவும் ரெட்டைப்படை தான தம்பி?" "அம்மா, இது தட்டு இல்ல, பத்திரிகை." "நீ அனுப்புறது பத்திரிகையா இருக்கலாம், போய்ச் சேர்ற இடம் சம்பந்தி வீடு. பதினொண்ணு அங்க அனுப்பு, போதும். மிச்சம் ஒண்ணை என் வீட்டுக்கு அனுப்பிரு." அந்தப் பையன் ரெண்டு விலாசத்தையும் கேட்டு வாங்கிக்கிட்டான். அப்புறம், "எழுதிக்கிட்டேம்மா"ன்னான். பொறுமைசாலி. நல்லா இருக்கணும்.

போன வருசம் ஆனியில முதப் புத்தகம் போச்சு. அந்த ஞாயித்துக்கெழமை மதினி குரலே வேற மாதிரி இருந்துச்சும்மா. "மதினி, எனக்குன்னு என் பேரு போட்டு ஒரு புத்தகம் இதுவரைக்கும் வந்ததே இல்ல. தபால்காரர் கடைக்கு வந்து, தங்கபுஷ்பம் யாருன்னு கேக்குறாரு. கடையில நிக்கிறவங்க எல்லாம் திரும்பி என்னையப் பாக்குறாங்க"ன்னாங்க. அன்னைக்கு அரை மணி நேரம் பேசுனோம். அப்புறம் வாராவாரம் அப்படித்தான். புத்தகத்துல வந்த கதையைச் சொல்லுவாங்க, கேள்வி பதில் பகுதியில எவளோ மாமியாரைப் பத்தி எழுதுனதைப் படிச்சுக் காட்டுவாங்க, ரெண்டு பேரும் சிரிப்போம். சாம்பாருல சீனி போடுறதை நானே கேட்டுட்டேன்னா பாத்துக்கயேன். "அது எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் மதினி, எனக்கும் பிடிக்காது"ங்கிறாங்க! நான் பேசணும்னு பதினோரு மணிக்கு முன்னாடியே அடுப்பை அணைச்சிருவேன். எங்க வீட்டுக்காரரு, "இன்னைக்கு ரேடியோ ஸ்டேசன் ஆரம்பிச்சாச்சு"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டு வெளியில போயிருவாரு.

பார்சல் வர்றதும் நின்னு போச்சு. பாத்தியா, என் கணக்கு சரியாப் போச்சுன்னு நினைச்சேன். ஒரு தடவை மட்டும் மதினி, "பன்னெண்டாவது புத்தகம் வரட்டும், உங்களுக்கு ஒரு விசயம் சொல்றேன்"னாங்க. நான் அதைக் காதுல போட்டுக்கல.

சித்திரையோட பதினொண்ணு முடிஞ்சுது. வைகாசியில ஒண்ணு என் வீட்டுக்கு வந்துச்சு. எனக்கு எதுக்கு உல்லனு? அன்னைக்குத்தான் ஊறுகா போட்டிருந்தேன். மேடையில எண்ணெ பட்டுரும்னு ஜாடிக்கு அடியில வச்சுட்டேன். உறையைக்கூட முழுசாப் பிரிக்கல.

அடுத்த ஞாயிறு போன் வரல. கடையில கூட்டம்னு நினைச்சேன். அதுக்கடுத்த ஞாயிறும் வரல. நானே பண்ணேன். "சௌக்கியமா மதினி?" "சௌக்கியம் மதினி, கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்." ரெண்டு நிமிசம்கூட இல்லம்மா. அதோட சரி. ஆறு ஞாயித்துக்கெழமை. நான் அடுப்பை அணைச்சுட்டு உக்காந்திருக்கேன், எங்க வீட்டுக்காரரு செருப்பை மாட்டிக்கிட்டு நின்னு பாத்துட்டு, திரும்பக் கழட்டிப் போடுறாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. என்ன தப்புப் பண்ணேன்னே தெரியலையே.

போன வாரம் அனுசுயாவைப் போன்ல பிடிச்சு உலுக்கிட்டேன். அப்புறம்தான் சொல்றா. "அம்மா, அத்தை ஒரு வருசமா ஒரு போர்வை பின்னிக்கிட்டிருக்காங்க. அந்தப் புத்தகத்துல மாசத்துக்கு ஒரு சதுரக் கட்டம் பின்றதுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. கடைசிக் கட்டமும், எல்லாத்தையும் சேக்குற முறையும் பன்னெண்டாவதுலதான் இருக்கு. அது வரவே இல்ல. இங்க கடையிலயும் கிடைக்கல. அத்தை ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அவங்க, 'சந்தா கட்டுனவங்க உங்களுக்குப் பதினொண்ணு போதும்னு சொல்லிட்டாங்க'ன்னுட்டாங்க. அத்தை போனை வச்சுட்டு, பின்னுன கட்டத்தையெல்லாம் எடுத்து மடிச்சு வச்சுட்டாங்க. உங்கிட்டக் கேக்கச் சொன்னேன். 'சீர் குறையுதுன்னு நானா அனுசுயா கேக்குறது'ன்னுட்டாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? போதும்னு நான் சொன்னது உண்மைதான். நான் சொன்ன போதும் வேற, அவங்க காதுல விழுந்த போதும் வேற. மரியாதைன்னு நினைச்சு நான் குறைச்சதை அவங்க அவமரியாதையா எடுத்துக்கிட்டு ஆறு வாரமா உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்காங்க. ஓடிப்போய் ஜாடியைத் தூக்குறேன், புத்தகம் அதோட ஒட்டிக்கிட்டு வருது. எங்க வீட்டுக்காரரு, "அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடு, வேலை முடிஞ்சுது"ங்கிறாரு. வேலை முடிஞ்சிரும்யா, கோவம் முடியுமா? மன்னிப்பைப் போட்டோவுலயா கேக்குறது? அதுதான் கையில எடுத்துக்கிட்டு நானே கிளம்பிட்டேன். யாருக்குப் போர்வைன்னு அனுசுயாகிட்டக் கேட்டேன். "நீயே வந்து கேட்டுக்க"ன்னு வச்சுட்டா கழுதை.

போய் என்ன சொல்றதுன்னுதான் ஒத்திகை பாத்துக்கிட்டே வாரேன். தபால் ஆபீஸ்ல தப்பா எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லிரலாமா? வேணாங்கிறியா? ஊறுகா ஜாடி காட்டிக் குடுத்துரும்.

இது என்ன இடம்? காட்டேரியா? ஜன்னலைச் சாத்தும்மா, என்னமா அடிக்குது! சாரல் வேற. என் பல்லு தந்தி அடிக்குது பாரு. அந்தப் பையை எடு, எங்க வீட்டுக்காரரு எதையோ திணிச்சு விட்டாரு. அட, அந்தக் காப்பிக்கொட்டை கலரு சுவெட்டரு. உறையும் குல்லாவும்கூட இருக்கு. கேலிக்குன்னே வச்சிருக்காரு மனுசன். சரி, செத்துப் போறதுக்கு இது தேவலை. இந்தக் கையைப் பிடிச்சு இழு. ம்... இந்தப் பக்கம்.

ஏம்மா, இது பெருசா இல்லையே? சரியால்ல இருக்கு? முந்தானையோட சேத்து அப்படியே உள்ள வாங்கிக்கிச்சே! இது சேலைக்கு மேல போடுற அளவு. நான் நைட்டி மேல போட்டுட்டு ரெண்டு வருசமாச் சிரிச்சிருக்கேன். குல்லாவும் போட்டுக்கிறேன், குஞ்சம் ஆடுனா ஆடிட்டுப் போகுது. காது கதகதன்னு இருக்கு.

என்னது? திருப்பிச் சொல்லு.

"விருதுநகர்ல போடுறதுக்கா அனுப்புனாங்க? நீங்க இங்க வர்றதுக்குத்தான அனுப்பியிருக்காங்க"ங்கிறியா?

இரு, இரு. பாதம் விறைக்கும்னு சொன்னேன். காலுக்கு உறை வந்துச்சு. காது அடைக்கும்னு சொன்னேன்... கழுத்து வலி... ஐயோ. நான் ஒவ்வொரு பொய்யாச் சொல்லச் சொல்ல, அந்தப் பொம்பளை ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து பின்னியிருக்கா. அப்ப அந்தப் போர்வை? "ராத்திரிக் குளிருல எனக்குத் தூக்கமே வராது மதினி"ன்னு சொன்னேன்மா, போன வருசம். நான்தான் சொன்னேன். அது எனக்கு. நான் படுக்கவே மாட்டேன்னு நினைச்ச வீட்டுல எனக்குன்னு ஒரு வருசமாப் போர்வை பின்னியிருக்காங்க. நான் அதோட கடைசிக் கட்டத்து மேல ஊறுகா ஜாடியை வச்சிருக்கேன்.

நான் ஒண்ணும் கெட்டிக்காரி இல்லம்மா. அழல, சாரல் கண்ணுல பட்டிருச்சு. சரி, அழுறேன், போ. குன்னூர் வந்திருச்சா? உன் போனைக் கொஞ்சம் குடு, என்னதுல டவர் கோடே காட்டல. நம்பரைச் சொல்றேன்.

ஏங்க, நான்தான். வந்துட்டேன், வந்துட்டேன், இறங்கப் போறேன். சாயங்காலம் வரல. ஆமா, தங்கிட்டுத்தான். எங்க அம்மா தங்காட்டி என்ன, அதுக்கு யாரும் போர்வை பின்னி வைக்கல. தோசை மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு, ஊறுகாயும் இருக்கு. எத்தனை நாளா? அதெப்படி நீங்களே பதினொண்ணுன்னு சொல்றீங்க, கேலியா? பதினொண்ணு இல்ல. பன்னெண்டு நாள். ஒண்ணுகூடக் குறைக்க மாட்டேன்.